கட்டிலுக்கு இரண்டு பேர்

அரேலிஸ் கந்தீயோவின் கண்ணுக்கு மனிதர்கள் முதலில் சூடாகத்தான் தெரிவார்கள். சர்ச்சில் கூட்டம் சேர்ந்தால் மற்றவர்கள் பீடத்தைப் பார்ப்பார்கள், இவள் தலைகளை எண்ணுவாள். சும்மா உட்கார்ந்திருக்கிறவர் ஒரு பழைய நூறு வாட் குண்டு பல்பு. நின்று பேசுகிறவர் அதைவிடக் கொஞ்சம் கூட. எங்கள் கடலோரப் பாரன்கீயா ஊர்க்காரர் கையை ஆட்டிக்கொண்டு பேசினால் அதற்கும் மேலே. பாவம், பாதிரியார் பிரசங்கத்தை நீட்டிக்கொண்டு போகப் போக இவள் மனதுக்குள் டன் கணக்கு ஏறிக்கொண்டே இருக்கும்.

தொழில் கொடுத்த புத்தி அது. ஒரு கட்டடம் எழும்புவதற்கு முன்பே அதைக் கணினிக்குள் கட்டுவாள், அதற்கு மாடல் என்று பெயர். சுவர் எத்தனை அங்குலம், கண்ணாடி எந்தத் திசை, கூரையில் என்ன பூச்சு, உள்ளே எத்தனை விளக்கு, எத்தனை ஆள், கதவு ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை திறக்கும் எல்லாவற்றையும் எண்ணாக மாற்றிக் கொடுப்பாள். பிறகு எங்கள் ஊர் வெயிலையும் ஈரத்தையும் அதற்குள் விட்டு, ஒரு வருடத்தின் எட்டாயிரத்து எழுநூற்று அறுபது மணி நேரத்தையும் ஓட்டிப் பார்ப்பாள். எந்த மாதம், எந்த நாள், எத்தனை மணிக்கு எந்த அறை புழுங்கும் என்று அந்த மென்பொருள் சொல்லும். அதைப் பார்த்து, இந்தக் கட்டடத்துக்கு இத்தனை டன் குளிர்ச்சி வேண்டும் என்று எழுதி, கீழே தன் பெயரையும் பொறியாளர் மன்றம் கொடுத்த பதிவு எண்ணையும் போடுவாள்.

அந்தப் பதிவு எண்ணை லேசாக நினைத்துவிடாதீர்கள். ரெபோலோ பேட்டையில் அவள் தெருவில் அப்படி ஒரு எண் வைத்திருந்த முதல் பெண் அவள்தான். அவள் அம்மா அரசுப் பிரசவ மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருடம் துணி தேய்த்தவள். நீராவியில் வெந்து வீட்டுக்கு வருவாள். சூட்டைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று மகளுக்குத் தோன்றியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பதிவு கிடைத்த அன்றைக்கு அம்மா அந்த எண் போட்ட அட்டையைச் சட்டம் போட்டுக் குளிர்பெட்டிக்கு மேலே மாட்டினாள். அது இன்றைக்கும் அங்கேதான் தொங்குகிறது. அது செல்லாத அட்டையாக இருந்த பதினெட்டு மாதமும் அங்கேதான் தொங்கியது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

வில்ஃப்ரீதோ பராசாவும் அதே ரெபோலோக்காரன். அரேலிஸோடு ஒரே வகுப்பில் படித்தவன். கணக்கில் சுமார்தான், ஆனால் வாய் இருக்கிறதே, அதற்கு ஈடு சொல்ல முடியாது. மழை நாளில் தெருவெல்லாம் ஆறாக ஓடும்போது நடுவில் மாட்டிக்கொண்ட பஸ்ஸையே பேசிப் பேசிக் கரை சேர்த்துவிடுவான் என்று கேலி செய்வோம். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சின்ன அலுவலகம் திறந்தார்கள். வேலை பிடித்துக்கொண்டு வருவது அவன், செய்து முடிப்பது இவள்.

மகள் யுரானிஸ் பிறந்தபோது அரேலிஸின் புருஷன் எல்லை தாண்டிப் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. திரும்பவே இல்லை. அதே பிரசவ மருத்துவமனையில், அம்மா துணி தேய்த்த அதே கட்டடத்தில், அவள் பிள்ளையோடு படுத்திருந்தாள். கட்டிலைச் சுற்றிப் பதினோரு பேர். அவர்களில் ஒருவன் வில்ஃப்ரீதோ. நாட்டுக்கோழி சூப்பை ஒரு பெரிய பாத்திரத்தில், வாயைத் துணியால் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். பிள்ளையைக் கையில் வாங்கியவன், "இவளுக்கு ஞானத்தகப்பன் நான்தான், வேற எவனாவது கேட்டா உதைப்பேன்" என்றான். வேறு யாரும் கேட்கவும் இல்லை. ஞானஸ்நானம் முடிந்த நாளிலிருந்து அவன் பிள்ளைக்கு பாத்ரீனோ, அரேலிஸுக்கு கோம்பாத்ரே, இவள் அவனுக்கு கோமாத்ரே. எங்கள் பக்கத்தில் இந்த உறவு ரத்த உறவுக்கு ஒரு படி மேல். அண்ணன் தம்பி ஏமாற்றலாம், கோம்பாத்ரே ஏமாற்ற மாட்டான் என்று நம்பித்தான் ஊர் நடக்கிறது.

அந்தப் பிரசவ மருத்துவமனைக்குப் புது வார்டு கட்டப் போகிறார்கள், நாற்பது கட்டில், குளிர்சாதன மாடல் நம் அலுவலகத்துக்கு என்று வில்ஃப்ரீதோ வந்து சொன்னபோது அரேலிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. மாடல் போடும் மென்பொருளில் மருத்துவமனை வார்டு என்று தேர்ந்தெடுத்தால் அதுவே ஒரு கணக்கைக் கொண்டுவந்து வைக்கும். கட்டிலுக்கு இரண்டு வருகையாளர். அரேலிஸ் அதைப் பார்த்துத் தனியாகச் சிரித்தாள். எந்தக் குளிர்தேசத்துக்காரன் போட்ட கணக்கோ! எங்கள் ஊரில் ஒருத்தி பிள்ளை பெற்றால் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போவார்களா?

சிரித்ததோடு விடாமல், மூன்று வாரம் பழைய வார்டின் வாசலில் போய் நின்றாள். விரலால் அமுக்கினால் ஒரு எண் கூடும் சின்னக் கருவி ஒன்று கையில். உள்ளே போகிற தலைக்கு ஒரு அமுக்கு, வெளியே வருகிற தலைக்கு இன்னொரு கருவியில் ஒரு அமுக்கு. தலைமை நர்ஸ் செனாய்தா முதல் நாளே சண்டைக்கு வந்தாள்.

"யாரும்மா நீங்க? சுகாதாரத் துறையா? இங்க கூட்டம் ஜாஸ்தின்னு எழுதிட்டுப் போகப் போறீங்களா?"

"கூட்டம் ஜாஸ்தின்னுதான் எழுதப் போறேன்க்கா. அப்போதான் ஏசி ஜாஸ்தியா போடுவாங்க."

செனாய்தா இடுப்பில் கை வைத்து யோசித்தாள். "அப்படின்னா ஞாயித்துக்கிழமை வாங்க என்ஜினியரம்மா. அன்னிக்கு ஒரு கட்டிலுக்குக் கால்பந்து டீமே வரும். ரிசர்வ் ஆட்டக்காரங்களோட."

வாரநாளில் கட்டிலுக்கு ஏழு பேர், ஞாயிறு மூன்று மணிக்குப் பதினொன்று. போதாததற்கு வார்டுக் கதவு மூடவே மூடாது. பாத்திரம் தூக்கிக்கொண்டு வருகிற அத்தை சித்திகளுக்காக யாராவது ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்து வைத்திருப்பார்கள். அந்த நாற்காலியையும் அரேலிஸ் மாடலில் சேர்த்தாள். எப்படி என்றால், கதவு பாதி நாள் திறந்தே இருக்கும் என்று கணக்கில் எழுதினாள். பக்கத்தில் ஒரு குறிப்பும் போட்டாள்: "இந்த எண்கள் மூன்று வாரம் நேரில் நின்று எண்ணியவை. மாற்ற வேண்டாம்." ஓட்டிப் பார்த்தபோது மொட்டை மாடியில் வைக்கிற பெரிய குளிரூட்டும் இயந்திரம், நாற்பது டன் சில்லர், மூன்று வேண்டும் என்று வந்தது. மூன்றும் இருந்தால் வருடம் முழுக்க வார்டு இருபத்து நான்கு டிகிரியைத் தாண்டவில்லை. அவள் போட்டதிலேயே நேர்மையான மாடல் அதுதான் என்று பின்னால் என்னிடம் சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

இனி ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் 'அஹா' என்று ஒன்று இருக்கிறது. சொல்லு, கேட்கிறேன் என்பதற்கும் அஹா. அப்புறம் என்ன ஆச்சு என்பதற்கும் அஹா. என்ன செய்வது, தலையெழுத்து என்பதற்கும் அஹா. நீ புளுகுகிறாய் என்று எனக்குத் தெரியும் என்பதற்கும் அதே அஹாதான். பத்தில் ஒரு தடவை 'சரி' என்பதற்கும் வரும். கதை கேட்கிற பிள்ளை உம் கொட்டுமே, ஏறக்குறைய அந்த வகை. உம் கொட்டியதால் பிள்ளை கதையை ஒப்புக்கொண்டுவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கார்னிவல் சனிக்கிழமை. பூ ரதங்கள் வரிசையாகப் போகிற நாள். ஊரில் வேலை செய்கிறவன் ஒருவன்கூட இருக்க மாட்டான். அரேலிஸ் பதினொரு வயது யுரானிஸைத் தோளுக்குப் பக்கத்தில் தடுப்பின் மேல் உட்கார வைத்துவிட்டு, முகமெல்லாம் மாவு பூசிக்கொண்டு நின்றிருந்தாள். முரசுச் சத்தம் நெஞ்சை அடித்தது. நீள மூக்கும் பெரிய காதும் வைத்த மரிமோந்தா முகமூடிக்காரன் ஒருவன் அவள் காதோடு சேர்த்துப் பீப்பீ ஊதிக்கொண்டிருந்தான். அப்போதுதான் போன் வந்தது.

"கோமாத்ரே! எங்கே இருக்கே?"

"ஊரே எங்கே இருக்கோ அங்கே. நீ எங்கே தொலைஞ்சே?"

"ஆபீஸ்ல இருக்கேன். அந்த வார்டு மாடலை இன்னிக்கே அனுப்பியாகணும். அட்டவணையில ஒரு சின்னத் திருத்தம், போட்டு உன் முத்திரையை வெச்சு அனுப்பிடறேன், அஹா?"

"அஹா, அஹா... யுரானிஸ், கீழே இறங்குடி! விழுந்து தொலைக்கப் போறே! அஹா கோம்பாத்ரே, இங்க ஒரு மண்ணும் கேக்கல, அப்புறம் பேசறேன்."

அவ்வளவுதான் பேச்சு. முத்திரை அலுவலகக் கணினியில் இருந்தது. அதன் கடவுச்சொல் யுரானிஸ் பிறந்த தேதி. ஞானத்தகப்பனுக்குத் தெரியாத தேதியா அது?

சாம்பல் புதனன்று நெற்றியில் சிலுவையோடு அலுவலகம் வந்தவள், "என்ன திருத்தம் போட்டே?" என்று கேட்கத்தான் செய்தாள். "எழுத்துப் பிழை மாதிரிதான் விடு. ஒப்புதல் வந்துரும்" என்றான் அவன். கோம்பாத்ரே சொல்லிவிட்டான், விட்டுவிட்டாள். கோப்பைத் திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. நம்பிக்கை உள்ள இடத்தில் யார் பூட்டை இழுத்துப் பார்க்கிறார்கள்?

மறுவருடம் டிசம்பரில் வார்டு திறந்தார்கள். டிசம்பர் என்றால் எங்கள் ஊருக்குக் காற்று வந்துவிடும். கடலிலிருந்து வருகிற அந்தக் காற்று மார்ச் வரைக்கும் நிற்காது, குடையைத் திருப்பும், பாவாடையைத் தூக்கும், ஊரில் எல்லாரையும் நல்லவர்களாக்கும். திறப்பு விழாவில் வார்டு ஜில்லென்று இருந்தது. அரேலிஸ் கேக் தின்றாள், செனாய்தாவைக் கட்டிப்பிடித்தாள், அம்மாவை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினாள். மொட்டை மாடிக்கு மட்டும் ஏறவில்லை.

ஏப்ரலில் காற்று நின்றது. மூன்றாவது வாரம் செனாய்தா கூப்பிட்டாள்.

"என்ஜினியரம்மா, ஒரு நடை வந்துட்டுப் போங்க. நீங்க சொன்ன ஏசி எங்கே போச்சுன்னு எனக்குக் காட்டுங்க."

போனாள். முப்பத்தோரு டிகிரி. தையல் போட்ட வயிற்றோடு பெண்கள் வியர்வையில் ஒட்டிக்கொண்டு படுத்திருந்தார்கள். பெட்டி அட்டையைக் கிழித்துப் பிள்ளைகளுக்கு விசிறிக்கொண்டிருந்தார்கள். சூப்புப் பாத்திரத்தோடு சொந்தக்காரர்கள் வீட்டு மின்விசிறியையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். இருபது விசிறி ஒன்றாக ஓடியதும் மின்சாரம் போனது, போனதும் வார்டே ஒரே குரலில் திட்டியது. ஒருத்தி அரேலிஸைப் பார்த்து, "நீங்க டாக்டரா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மாடிக்கு ஓடினாள். இரண்டு சில்லர். மூன்றாவதைக் காணோம். அலுவலகம் போய் அனுப்பிய கோப்பைத் திறந்தாள். கட்டிலுக்கு இரண்டு பேர். ஜனவரி ஒன்று முதல் டிசம்பர் முப்பத்தொன்று வரை, ஞாயிறு மூன்று மணி உட்பட, இரண்டே பேர். கதவு எப்போதும் மூடியிருந்தது. அவள் எழுதிய குறிப்பு இருந்த இடம் வெறுமையாக இருந்தது. கீழே அவளுடைய முத்திரை, அவளுடைய பதிவு எண்.

வில்ஃப்ரீதோ மறுக்கவில்லை. அதுதான் அப்போது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

"மூணு சில்லர்னா வேலையே நம்ம கையை விட்டுப் போயிருக்கும் கோமாத்ரே. வேற எவனோ ரெண்டுன்னு எழுதிக் கொடுத்துட்டு எடுத்துட்டுப் போயிருப்பான். நான் உன்னைக் கேட்டேன்ல? நீதானே அஹான்னு சொன்னே?"

"அஹான்னா? உனக்கு நான் அர்த்தம் சொல்லணுமா? முரசுச் சத்தத்துல நின்னுட்டு இருந்தேன்டா!"

"சரி, தப்புதான். விசாரணை வரட்டும், நான் பார்த்துக்கறேன். உன் மேல ஒரு தூசி படாது. யுரானிஸ் மேல சத்தியம்."

பிள்ளை மேல் சத்தியம் செய்தபோது கையைப் பிடித்துத் தடுத்திருக்க வேண்டும், அதுகூடத் தனக்குத் தோன்றவில்லை என்று அரேலிஸ் சொல்வாள்.

விசாரணை ஆகஸ்டில் வந்தது. வார்டில் யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டிருந்தது. பொறியாளர் மன்றத்திலிருந்து டாக்டர் கிளெமென்சியா என்ற அம்மாள், மலை மேல் குளிரில் இருக்கிற தலைநகர் பொகொத்தாவிலிருந்து விமானத்தில் வந்தார். மலைக்காரர், கனத்த கோட்டு, நிதானமான பேச்சு. கெட்ட மனுஷி என்று சொல்ல மாட்டேன். அவர் ஊரில் ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. மூலையில் உள்ளூர்க்காரர் ஒருவர் நடப்பதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அந்த அறையில் மட்டும் ஏசி விறைக்க விறைக்க ஓடியது.

"திருத்தத்தை யார் செய்தது?"

"நான்தான் செஞ்சேன் டாக்டர்" என்றான் வில்ஃப்ரீதோ. அரேலிஸ் மூச்சு விட்டாள். அவன் தொடர்ந்தான். "மாடல் பொறுப்பாளர் ஒப்புதலோட."

"பொறியாளர் கந்தீயோ, நீங்க ஒப்புக்கிட்டீங்களா?"

"இல்லைங்க. கார்னிவல் அன்னிக்குப் போன் பண்ணினார். என்ன திருத்தம்னே சொல்லலை. நான் அஹான்னு சொன்னேன்."

வேறு எவளாக இருந்தாலும் அப்படி ஒரு போனே வரவில்லை என்று சாதித்திருப்பாள். இவளுக்கு அது வராது.

"அஹான்னு சொன்னீங்க."

"சொன்னேன். ஆனா அதுக்கு எங்க ஊர்ல சம்மதம்னு அர்த்தம் இல்லைங்க. கேக்கறேன், சொல்லுன்னு அர்த்தம். சில நேரம் ஒரு அர்த்தமும் கிடையாது."

டாக்டர் அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "எனக்கு இந்த ஊர் வழக்கம் தெரியாது. பொறியாளர் பராசா, நீங்களும் இந்த ஊர்தானே. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?"

தட்டச்சுச் சத்தம் நின்றது. மூலையில் இருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். எல்லாம் இந்த இடத்தில்தான் இருந்தது. ஒரு மனிதன் உண்மையைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. அவன் தாய்மொழி, அவன் தெருச் சொல், அம்மா இடுப்பில் இருந்தபோதே கேட்ட சொல்.

வில்ஃப்ரீதோ மேசையைப் பார்த்தான். "ஆமாம்னு அர்த்தம் டாக்டர்" என்றான். நாக்கு கூசவில்லை.

அரேலிஸுக்கு முதலில் கோபம் வரவில்லை. காதில் தப்பாக விழுந்ததோ என்று நினைத்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பி, மெதுவாகத்தான் கேட்டாள். "கோம்பாத்ரே, யுரானிஸ் பொறந்தப்போ என் கட்டிலைச் சுத்தி எத்தனை பேரு?"

அவன் சட்டைக் கைப்பட்டனை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"சொல்லு. நீயும் அங்கதானே இருந்தே. மடியில சூப்பு வெச்சுட்டு வந்தியே. ரெண்டு பேரா?"

"இது விசாரணைக்குச் சம்பந்தமில்லாதது" என்றார் டாக்டர் அம்மாள். அது தட்டச்சில் ஏறவில்லை. ஏறியது இதுதான்: 'அஹா' என்று கூறியதன் மூலம் பொறியாளர் கந்தீயோ திருத்தத்துக்கு வாய்மொழி ஒப்புதல் அளித்துள்ளார். பதினெட்டு மாதத்துக்கு அவள் பதிவு நிறுத்தப்பட்டது. வில்ஃப்ரீதோவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம்.

வெளியே படியில் அவன் பின்னாலேயே வந்தான். "ரெண்டு பேரும் மூழ்கறதுக்குப் பதிலா ஒருத்தர் மூழ்கினா போதும்னு நினைச்சேன். ஆபீஸ் இருந்தாத்தானே உனக்கும் வேலை இருக்கும்" என்றான். அரேலிஸ் பஸ் ஏறிப் போய்விட்டாள். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அவளாகச் சொல்லவில்லை, ஆனால் தட்டச்சு செய்தவர் வாய்வழியாக அந்த 'ஆமாம்' ஒரே வாரத்தில் பேட்டை முழுக்கப் பரவிவிட்டது. குளிர்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்த அட்டை கண்ணில் படும், பார்வையைக் கீழே போட்டுக்கொண்டு தண்ணீர் எடுப்பாள். வயிற்றெரிச்சலோடு ஒரு மனுஷி எப்படித் தினமும் எழுந்து வேலைக்குப் போகிறாள் என்பதை அந்த மாதங்களில் நான் பார்த்தேன். இன்னொருவருடைய அலுவலகத்தில் மாடல் போட்டாள், கையெழுத்து அந்த ஆளுடையது. அவள் பெயர் எங்கேயும் வராது.

நவம்பரில் செனாய்தா மறுபடி கூப்பிட்டாள். குரலில் ஒரு தயக்கம்.

"மூணாவது மெஷின் வந்துருச்சு என்ஜினியரம்மா. மாடியில கிரேன் வெச்சு ஏத்தறாங்க."

"நல்லதுதானேக்கா. யார் போட்டது?"

"உங்க கோம்பாத்ரேதான். புது மாடல் போட்டுக் கொண்டுவந்தாராம். கட்டிலுக்கு ஏழு பேருன்னு. மூணு வாரம் நின்னு எண்ணினதாம். நான் அவரை இங்க ஒரு நாள்கூடப் பார்த்ததில்லைன்னு சொல்லிட்டேன். யாரு கேக்கறாங்க?"

அரேலிஸ் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். எண்களைக்கூட விடவில்லை அவன். தப்பான எண்ணை அவள் தலையில் கட்டினான், சரியான எண்ணைத் தன் பெயரில் எழுதிக்கொண்டான். அன்றைக்குத்தான் அழுதாள். வார்டு குளிர்ந்துவிட்டது என்ற நிம்மதியும் அந்த அழுகையில் இருந்தது. அது இன்னும் கொடுமை, முழுசாக வெறுக்கக்கூட முடியவில்லை.

அடுத்த மார்ச்சில் யுரானிஸுக்குப் பதினைந்து முடிந்தது. எங்களுக்குப் பெண்பிள்ளையின் பதினைந்து கல்யாணத்துக்குச் சமானம். வெள்ளை கவுன், கேக், வால்ட்ஸ் பாட்டுக்கு முதல் நடனம். முதல் நடனத்தை அப்பா ஆட வேண்டும், அப்பா இல்லாவிட்டால் ஞானத்தகப்பன். ஒரு வாரம் முன்னால் வில்ஃப்ரீதோ போன் செய்தான். ஏழு மாதத்தில் அதுதான் முதல் போன்.

"கோமாத்ரே, நமக்குள்ள ஆயிரம் இருக்கட்டும். பிள்ளை என்ன பண்ணுச்சு? அவ பொறந்ததும் நான்தானே கையில வாங்கினேன். வால்ட்ஸ் நான் வந்து ஆடறேன். பழசை விட்டுருவோம், அஹா?"

அரேலிஸ் போனை மறு காதுக்கு மாற்றினாள். "அஹா" என்றாள். எந்த அஹா என்று அவளுக்கே அப்போது தெரியாது.

ஞாயிறு மத்தியானம், பேட்டை மன்றத்து ஹால். அறுபத்து நான்கு பேர் என்று அரேலிஸ் பழக்கத்தில் எண்ணி வைத்திருந்தாள். வில்ஃப்ரீதோ புது வெள்ளை சூட்டில் வந்தான். எல்லாரையும் தட்டிக்கொடுத்தான், செனாய்தாவின் கன்னத்தில் முத்தம் கொடுத்தான், அவள் துடைத்துக்கொண்டதைப் பார்க்காத மாதிரி நகர்ந்தான். பாட்டுக்காரன் ஒலிபெருக்கியில் வால்ட்ஸ் என்று சொன்னதும், கையை நீட்டியபடி ஹாலின் நடுவுக்கு வந்து நின்றான்.

யுரானிஸ் அம்மாவைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும், பதினைந்து வயதுப் பிள்ளையிடம் எதை மறைக்க முடியும்? அரேலிஸ் எழுந்தாள். செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு நடந்து போய், மகளின் கையைத் தானே பிடித்துக்கொண்டாள்.

"கோமாத்ரே..." அவன் சிரிக்கப் பார்த்தான். "போன்ல நீ அஹான்னு சொன்னியே!"

அடுத்த வினாடி ஹாலே வெடித்துச் சிரித்தது. செனாய்தா எழுந்தே நின்றுவிட்டாள். "அஹான்னா சரின்னு உங்களுக்கு யாருங்க சொன்னது? எந்த ஊருங்க நீங்க? பொகொத்தாவா?" பின்னாலிருந்து ஒருவன், "அவருக்கு ஒரு கோட்டு குடுங்கப்பா, குளிரப் போகுது!" என்று கத்தினான்.

அரேலிஸ் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். "நீ ரெபோலோவுல பொறந்தவன் வில்ஃப்ரீதோ" என்றாள். கோம்பாத்ரே என்று சொல்லவில்லை. "அந்த டாக்டர் அம்மாவுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்."

அவன் நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கால்சட்டைப் பையில் வைத்தான். முகம் செத்துப்போனது. கேக் மேசையைச் சுற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், பக்கக் கதவு வழியாக வெளியே போனான். பாட்டு ஆரம்பித்தது.

பழி தீர்ந்த சந்தோஷம் வரும் என்று அவள் நினைத்திருக்கலாம். வரவில்லை. பஸ்ஸில் மடியில் சூப்புப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு வந்தவன்தான் அந்தக் கதவு வழியாகப் போனான். அந்தப் பதினோரு பேரில் ஒருவன். அவள் மகளின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, தாளம் தப்பித் தப்பி ஆடினாள்.

"அம்மா, பாத்ரீனோ போயிட்டாரா?" என்று யுரானிஸ் காதில் கேட்டாள்.

"அஹா" என்றாள் அரேலிஸ்.

எந்த அஹா என்று மகள் கேட்கவில்லை. அவளும் ரெபோலோவில் பிறந்தவள்தான். அம்மாவின் முதுகில் கையை வைத்து இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.